ஆ ஹோவின் எலும்புகள்

"இன்னிக்கு ஒரு நாள்தான் நமக்கு லீவு. நாளைக்குப் பெரட்டுல பேரு கூப்பிடும்போது நிக்கலேன்னா கங்காணி நாயை அவுத்து விட்டுருவான்," என்றபடி பேச்சாயி முழங்கால் அளவு சேற்றில் இறங்கினாள். "என் காலடியிலயே மிதிச்சு வா தம்பி."

ஆ செங் மிதித்தான். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த அந்தக் கரும்புத் தோட்டத்துக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துச் சீனாவிலிருந்து அவன் வந்தது கூலிக்காக அல்ல. தம்பி ஆ ஹோ இதே கரையில் இன்னொரு தோட்டத்தில் காய்ச்சலில் இறந்திருந்தான். அவன் எலும்புகளை எடுத்துக் கழுவி ஊர் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அவன் ஆவி பசியோடு அலையும். அதற்காகவே அம்மா மூத்தவனையும் கப்பலேற்றினாள்.

அந்தப் பழைய தோட்டத்தைக் காடு மூடிவிட்டது. ஆ ஹோவோடு வேலை செய்தவர்களில் மிஞ்சியவள் பேச்சாயி மட்டும். "என் தம்பி இருக்கற எடம் காட்டு, அக்கா" என்று, இரண்டு வருடத்தில் கற்ற தமிழில் ஆ செங் கேட்டிருந்தான். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

இடுப்பளவு ஓடையில் மிதந்த கட்டை திடீரென்று கண் திறந்தது. பேச்சாயி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வேர்களின் மேல் ஏற்றினாள். முதலையின் வாய் வெறும் தண்ணீரைக் கவ்வியது.

"நடுங்காத. உன் உடம்புல அதுக்குத் தின்ன என்ன இருக்கு?"

உச்சி வேளையில் ஆற்றங்கரை மேட்டில் நின்றாள். "இங்கதான்."

ஆ செங் மண்டியிட்டு வணங்கினான். வெள்ளைத் துணியை விரித்தான். மண்வெட்டியை ஓங்கினான்.

"எதுக்குத் தோண்டற?"

"எலும்பு. அம்மாகிட்ட கொண்டு போவணும்."

பேச்சாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எலும்பு ஏது தம்பி? அந்த வாரம் பதினோரு பேரு செத்தாங்க. மத்தவங்களையெல்லாம் ஒரே குழியில தள்ளுனாங்க. இவனை நாதியத்த பொணமா விட எனக்கு மனசு வரல. நானே வெறகு வெட்டி அடுக்குனேன். கொள்ளி வைக்க ஆம்பள இல்ல, நானே வெச்சேன். எல்லாத்தையும் பொறுக்கி ஆத்துல கரைச்சேன். கூடப் பொறந்தவனுக்குச் செய்யற மாதிரிதான் செஞ்சேன்ப்பா."

அவன் தோண்டினான். அவளும் அழுதுகொண்டே விரல்களால் மண்ணை அலசினாள். ஒரு பல்லாவது கிடைக்காதா? வெயில் சாயும்வரை கரித்துண்டுகள் மட்டுமே வந்தன.

திரும்பும்போது, "எது மரியாதைன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன். யார்கிட்டயாவது கேட்டிருக்கணும்," என்றாள். ஆ செங் அவள்மேல் கோபப்பட முயன்றான். முடியவில்லை.

இருட்டுமுன் தோட்டத்தின் எல்லைக்கு வந்துவிட்டார்கள். அவர்களை யாரும் தேடவில்லை. ஜெயித்தது அது ஒன்றுதான். இன்னும் மூன்று வருடம் பாக்கி. ஆ செங் நின்றான்.

"அக்கா, நான் செத்தா எரிக்காத."

"வாய மூடு. நீ ஏன் சாவற?"

"எரிக்காத."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, பொதைக்கறேன்," என்றாள். "அடையாளத்துக்கு ஒரு கல்லும் நட்டு வெக்கறேன். நட."