பாதி காலியான மைதானம்

பிளாட் புஷ் புறநகரில் அன்று காலையிலிருந்தே மழை... ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடையில் கூட்டமில்லை. முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து வந்த நிலானி, இயந்திரத்தில் சுழலும் தன் துணிகளைப் பார்த்தபடி கண் சொக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அந்த காலேஜா?"

பக்கத்தில் இருந்தவன் அவளுடைய பழைய ஸ்வெட்டரைக் காட்டிக் கேட்டான். அமெரிக்காவில் படித்தபோது வாங்கியது.

"ஓம்."

"நானும்தான். உங்களுக்கு முன்னாடி பேட்ச்சா இருக்கும்."

அவன் கையில் இருந்த போனில் அவர்களுடைய கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஆடிக்கொண்டிருந்தது. சீசன் முடிவில் வேறோர் ஊரில் நடக்கும் பவுல் ஆட்டம்.

"பாதி ஸ்டேடியம் காலி, பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு வெட்கமே இல்ல லா."

அவனுக்கு மழையில் கழுவியது போன்ற கண்கள்... பேச்சுத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் வெட்கப்பட வேணும்? நத்தார்ப் பண்டிகை முடிஞ்ச கையோட ஆர் அவ்வளவு தூரம் பிளேன் ஏறிப் போறது? வருசம் முழுக்கக் கத்தினதில சனம் களைச்சுப் போச்சு."

"காலி சீட்டைப் பாத்தா எந்த நல்ல குவாட்டர்பேக் நம்மகிட்ட வருவான்? பந்தை எறியறவன் சரியில்லைன்னா டீமே இல்ல. வர்றேன்னு சொன்ன பையன்கூட கடைசி நேரத்துல வேற காலேஜுக்குப் போயிட்டான். நல்ல இடம் கிடைச்சா போறதுதானே புத்தி?"

நிலானியின் முகம் மாறியது.

"வாக்குக் குடுத்திட்டுப் போறது புத்தியோ?"

இயந்திரத்தை நிறுத்தி, ஈரத்துணியை அள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள்.

அவளுக்கு நிச்சயித்திருந்த ரஜிதனும் அதைத்தான் சொன்னான்... மெல்பனில் நல்ல இடம் அமைந்துவிட்டதாம். கல்யாண மண்டபம் பேசி, சொந்தமெல்லாம் டிக்கெட் எடுத்த பிறகு, ஒரே ஒரு போன் கோல். அதற்குப் பிறகு யாரோடும் அதிகம் கதைக்க அவளுக்குத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினாள். துணி காயவில்லை. யாரென்று தெரியாதவனிடம் எதற்கு இவ்வளவு கோபம்?

அதற்கடுத்த ஞாயிறு போனாள். அவன் அதே இடத்தில் இருந்தான். போனும் இல்லை, துணியும் இல்லை.

"உடுப்பு எங்க?"

"கொண்டு வரல. போன வாரமும் வந்தேன்... மன்னிப்புக் கேக்கணும்னு. என் பேரு தேவன். பக்கத்துல விரிங்கிற இடத்துல ஒரு வேர்ஹவுஸ்ல வேலை செய்றேன். நான் என்ன தப்பாப் பேசினேன்னு இன்னும் புரியல. ஆனா உங்க முகம் மறக்கல."

அவள் அருகில் அமர்ந்தாள். தன் பெயரைச் சொன்னாள். பிறகு ரஜிதனைப் பற்றியும்.

"ஃபுட்பால்னா எனக்கு நல்லாப் பேச வரும்," என்றான் கடைசியில். "இது வரல... உங்களை எனக்குப் புடிச்சிருக்கு, நிலானி."

"நான் நல்லாக் களைச்சுப் போயிருக்கிறன். வடிவாக் கதைக்கிற ஆக்களைக் கண்டாலே இப்ப பயம்."

"அப்ப நான் பரவால்லதானே? எனக்குத்தான் பேசவே வரலையே."

எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

"அவசரமில்ல," என்றான் மெதுவாக. "நீங்க வராத வாரமும் நான் வருவேன்."

அவள் தரையைப் பார்த்தாள்.

"போன கிழமை... வராமல் இருக்கிறது எனக்கும் பெரிய கஷ்டமாத்தான் இருந்தது, தேவன்."