முழுக் கோதுமைத் தம்பதி

பாலைக் காய்ச்சி மூடிவைத்துவிட்டு, நித்திலா தன் உடலைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள்.

கோவையில் அப்போது அது துணியைச் சலவைக்குப் போடுவதுபோல் ஆகிவிட்டிருந்தது. பேட்டைக்கு ஓர் உடல் பேணகம் இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டில் மனம் நிலைக்காதவர்கள் அங்கே போய்ப் படுத்தால், மனத்தை மெல்ல எடுத்து, பசிக்காத, வியர்க்காத, ஆள் வடிவில் நடமாடும் ஒரு காத்திருப்புக் கூட்டில் வைத்துவிடுவார்கள். காலியான உடலில் பயிற்சி பெற்ற பேணுநர் ஒருவரின் மனம் ஏறிக்கொள்ளும். வீட்டில் நடமாடத் தேவையான நினைவுகளை மட்டும் உரிமையாளர் இரவல் தருவார். மூன்று மாதம் அந்த உடல் அளவாக உண்டு, நடந்து, இளைத்துத் திரும்பும். வீட்டாரிடம் சொல்வது அவரவர் விருப்பம். பெரும்பாலோர் சொல்வதில்லை. தானே கட்டுப்பாடாக இருந்து இளைத்ததாகச் சொல்லிக்கொள்வதில்தான் சுகம்.

நித்திலாவும் கணவனிடம் சொல்லவில்லை. அவளாக முயன்றபோது நடந்தது நினைவிருந்தது. முழுக் கோதுமை பாஸ்தாவை ஒரு வாய் வைத்துவிட்டுச் செழியன் தட்டைத் தள்ளினான்.

"சாக்குப்பைய வேகவெச்ச மாதிரி இருக்குது. இதத் தின்னுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறதுக்கு நீ குண்டாவே இருந்துட்டுப் போ."

"மொதல்ல உங்க தொந்தியப் பாருங்க."

அன்று இரவு இருவரும் மைதா பரோட்டா வரவழைத்துத் தனித்தனி அறையில் சாப்பிட்டார்கள்.

பேணகத்தின் கூடத்தில் கூடுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே குரல். அலுவலக வேலையை அங்கிருந்தே பார்க்கலாம். உணவை வாங்கும், சமைக்கும், உண்ணும் நேரத்தில் மட்டும் எதிரே உள்ள திரை விழிக்கும். உடல் ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்பதற்குச் சாட்சியாக, அந்த உடலின் கண்கள் காண்பதை உரிமையாளரும் காணலாம்.

முதல் சில நாட்கள் திரையில் செழியன் செழியனாகவே இருந்தான். பேணுநர் வைத்த பாஸ்தாவைத் தொடாமல், அப்பளம் பொரித்து வந்து சோற்றில் நொறுக்கினான். நித்திலாவுக்குத் திருப்தியாக இருந்தது. அந்தப் பேணுநரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

அடுத்த வாரம் திரையில் கடை தெரிந்தது. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு செழியன் வந்திருந்தான். ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் படித்தான்.

"பேருதான் பல தானியம். உள்ள மொதல்ல மைதாவத்தான் போட்டிருக்குது. நெறத்துக்குப் பழுப்பு சேத்திருக்கான். இத வெச்சுட்டு அத எடுத்துக்கலாமா நித்திலா?"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றது நித்திலாவின் வாய். "சுருட்டிச் சாப்பிடற ராப் ரொட்டியும் அந்தப் பக்கம் இருக்குது. முழுக் கோதுமையில ஒண்ணு, கம்புல ஒண்ணு. உங்களுக்கு எது புடிக்கும்?"

"உனக்குப் புடிச்சத எடு. நான் பழகிக்குவேன்."

கூட்டுக்குள் இருந்த நித்திலா திரையை நெருங்கி உட்கார்ந்தாள். அவளிடம் அவன் எதையும் கேள்வியாகக் கேட்டதில்லை. அவளும் அவனுக்கு எது பிடிக்கும் என்று கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது என்பது அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை உடனே தள்ளினாள். அவன் கனிவாக இருந்தது ஒரு வலி. அந்தக் கனிவு வேறொருத்திக்குப் போனது அதைவிடப் பெரிய வலி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது: எதிரே நிற்பது தன் மனைவி இல்லை என்று அவனுக்குத் தெரியவே இல்லை. அல்லது தெரிந்தும், இவளே பரவாயில்லை என்று நினைக்கிறானோ. வயிற்றை வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகும் வயிற்றெரிச்சல் மட்டும் அவளோடு தங்கியிருந்தது.

நாளுக்கு நாள் அது கூடியது. செழியன் வெள்ளரிக்காய் நறுக்கினான். ராப் ரொட்டியைச் சுருட்டி முதலில் அவள் தட்டில் வைத்தான். பாஸ்தா வெந்ததா என்று இருவரும் ஒரே கரண்டியிலிருந்து எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். பொறுக்கமாட்டாமல் நித்திலா முகப்பில் இருந்த எந்திரத்திடம் போனாள்.

"என் ஒடம்பத் திருப்பிக் குடுங்க."

"உணவு முறை தவறியதா?"

"இல்ல."

"எடை குறையவில்லையா?"

"கொறைஞ்சிருக்குது."

"பிறகு என்ன குறை?"

"எங்க வீட்டுக்காரரு சந்தோஷமா இருக்காரு."

குறைகளின் வகைகளில் எந்திரம் அதைத் தேடியது. கிடைக்கவில்லை. "நாளை தருகிறோம்" என்றது.

இருக்கைக்குத் திரும்பியபோது இரவுச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் ஒரு கூடு முனகிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சில நாள் கழித்து வந்து சேர்ந்த கூடு அது.

"இந்த அநியாயத்தப் பாருங்க. எம் பொண்டாட்டி அந்த ஆளப் பாத்து எப்படிச் சிரிக்கிறான்னு. எங்கிட்ட ஒரு நா இப்படிச் சிரிச்சிருப்பாளா?"

ஆறுதல் சொல்லலாம் என்று நித்திலா எட்டிப் பார்த்தாள். அந்தத் திரையில் அவளுடைய முகம் இருந்தது. கன்னம் வற்றி, சிரித்துக்கொண்டு, உதட்டோரம் ஒரு கீரை இலையோடு. அவளுடைய திரையில் செழியனின் கை நீண்டு வந்தது. பக்கத்துத் திரையில் அதே கை அந்த இலையைத் துடைக்கப் போனது.

"தொடாதீங்க" என்றாள் நித்திலா.

"தொடாதடா" என்றது பக்கத்துக் கூடு.

இரண்டும் ஒரே குரலில் வந்தன. இரண்டு கூடுகளும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன.

"நித்திலா?"

"ஏனுங்க, நீங்களா?"

"தொந்தியப் பாருங்கன்னு சொன்னீல்ல. அதான் வந்தேன்."

"அப்ப அங்க உக்காந்திருக்கறது?"

"ஆரோ ரெண்டு பேரு."

அந்த இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது. எதிரே இருப்பவர் உண்மையான கணவர் என்று ஒருத்தி நம்பினாள். உண்மையான மனைவி என்று ஒருவன் நம்பினான். வாடிக்கையாளரின் துணையிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம்.

எந்திரம் வந்து நின்றது. "இரண்டு உடல்களையும் நாளையே தந்துவிடலாமா?"

செழியன் அவள் பக்கம் திரும்பினான். "நாளைக்கு ராத்திரி என்ன செய்வே?"

"பாஸ்தாதான்."

"ம்."

அந்த ஒரு எழுத்தில் தள்ளப்படும் தட்டின் ஓசை நித்திலாவுக்குக் கேட்டது. தன் முகம் தூக்கிக்கொள்வதும் தெரிந்தது. திரையில் அந்த இருவரும் கடைசி ராப் ரொட்டியை நடுவில் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு மூணு மாசம் இருக்கட்டும்" என்றாள் அவள். செழியன் எந்திரத்தைப் போகச் சொன்னான்.

இருக்கைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். அதன்பின் உணவு வேளை தவறாமல் இரண்டு திரைகளையும் சேர்ந்து பார்த்தார்கள்.

"அந்தம்மா சிரிப்பு கொஞ்சம் ஓவரு" என்பான் செழியன்.

"உங்காளு மட்டும்? வர்ற பொட்டலத்தையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறான்."

பல வருடங்களாக அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. ஒருநாள் முன்வரிசைத் திரை ஒன்றில் பச்சைத் தரை தெரிந்தது. எதிர்வீட்டுச் சமையலறை. நித்திலா எழுந்தே நின்றுவிட்டாள்.

"பாருங்க, அவங்க பேணுநரு கம்பு மாவப் பெசைஞ்சு ராப் ரொட்டிய வீட்லயே சுடறா. நம்மாளு கடையில வாங்கிட்டு வர்றா."

"அவன் பாத்தரம் வேற தேய்க்கறான்" என்றான் செழியன் கசப்பாக.

அடுத்த முறைக்கு அந்த எதிர்வீட்டுப் பேணுநர்களையே கேட்டு வைக்கலாம் என்று நித்திலா முகப்புக்கு விரைந்தாள். அங்கே முன்னால் நின்ற ஒரு கூடு எந்திரத்திடம் மன்றாடிக்கொண்டிருந்தது.

"எங்க எதிர்வீட்ல ரெண்டு பேரு இருக்காங்க பாருங்க, ஒரே கரண்டியில பாஸ்தா ருசி பாப்பாங்க. எங்களுக்கு அவங்கதான் வேணும்."