சூரியனிலிருந்து வந்த மேகம்

வெள்ளிக்கிழமை மாலை. டெல்லி லக்ஷ்மிபாய் நகர்ப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். செந்தில் மட்டும் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான்.

அவன் அக்கா கனிமொழி குனிந்து பார்த்தாள். "என்னடா ஆச்சு?"

"சூரியன்லேர்ந்து புயல் வருதாம். மாடி வீட்டு ரோஹன் சொன்னான். எல்லாம் எரிஞ்சிடுமாம். அப்பா லடாக்ல மலை மேல இருக்காரே! அவருக்குத்தானே சூரியன் கிட்ட?"

அப்பா ராணுவத்தில் இருந்தார். இரண்டு நாளாக அவரைப் போனில் பிடிக்க முடியவில்லை.

"அங்க சிக்னல் எப்பவும் அப்படித்தான்," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

'ஒன்றும் ஆகாது' என்று சொல்ல வாயெடுத்தாள் கனிமொழி. ஆனால் அவளுக்கே சரியாகத் தெரியாதே! அம்மாவின் போனை வாங்கி, அந்தப் புயலைப் பற்றித் தேடி இரண்டு முறை படித்தாள். பிறகு அறிவியல் பெட்டியிலிருந்து இரண்டு காந்தங்களை எடுத்துக்கொண்டு தானும் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள்.

தரை சில்லென்று இருந்தது.

ஒரு காந்தத்தைத் தரையில் வைத்தாள். "இது பூமி. பூமியே ஒரு பெரிய காந்தம்டா. சூரியன்லேர்ந்து ஒரு காத்து எப்பவும் வீசிக்கிட்டே இருக்கும். சில சமயம் அதுல பெரிய மேகம் ஒண்ணு மிதந்து வரும். அதுக்குள்ளயும் காந்த சக்தி இருக்கும்."

இன்னொரு காந்தத்தை மேகம்போல அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அது நழுவி விலகியது.

"இப்படி வந்தா பூமி தள்ளிவிட்டுடும். இதுவே திரும்பி வந்தா..."

டக்! ஒட்டிக்கொண்டன.

"அப்பதான் பெரிய புயல்."

"நெருப்பு உள்ள வந்துடுமா?"

"அது நெருப்பே இல்ல. தூசியைவிடச் சின்ன துகள். ரொம்ப உயரத்துலயே காத்துல மோதி வெளிச்சமா மாறிடும். சிவப்பா, பச்சையா. சாட்டிலைட்டுக்கும் ரேடியோவுக்கும்தான் தொந்தரவு."

"இந்த மேகம் எந்தப் பக்கமாத் திரும்பி வரும்?"

"அது பூமிகிட்ட வந்தாத்தான் தெரியுமாம்."

செந்தில் காந்தங்களைப் பிரித்து, மறுபடி ஒட்டவைத்தான். "அக்கா, அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா? வானம் சிவந்தா பயந்துடுவாரே!"

கனிமொழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போனை நீட்டினாள். "நீயே சொல்லிடு. வாய்ஸ் மெசேஜா அனுப்பலாம். சிக்னல் வந்ததும் அவருக்குப் போய்ச் சேரும்."

செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அப்பா, வானம் சிவப்பானா பயப்படாதீங்க. அது நெருப்பில்ல. ரொம்ப மேல இருக்கு. ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்குங்க."

சனிக்கிழமை காலை, பால் பொங்கும் நேரத்தில் போன் அடித்தது. அப்பா!

"ராத்திரி வடக்கு மலைக்குப் பின்னால வானம் மெல்ல மெல்லச் சிவந்துச்சு கண்ணு. மாதுளம்பழம் நிறம். சத்தமே இல்ல. புதுசா வந்த ரெண்டு பேர் மிரண்டுட்டாங்க. அப்பதான் உன் மெசேஜ் வந்து சேர்ந்துச்சு. ஹிந்தியில எடுத்துச் சொன்னேன். உடனே எல்லாரும் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வெளியில உட்கார்ந்துட்டோம்."

செந்தில் கண்களை மூடிக்கொண்டான். இமைகளுக்குள் ஒரு மலை. அதன் பின்னால், சத்தமில்லாமல் விரியும் சிவப்பு.

"அச்சா," என்றான் ஹிந்தியில், மெதுவாக. "அடுத்த தடவை கொஞ்சம் டெல்லிப் பக்கமும் அனுப்பிவிடுங்கப்பா."