இணையாளர்: வால்டர்

மங்கையின் துப்பாக்கிக்கு உரிமம் வந்துவிட்டது. 'இணையாளர்' என்ற கட்டத்தில் கணவன் பரணிதரனின் பெயர் இல்லை. எதிர்வீட்டு வால்டரின் பெயர் இருந்தது.

பரணி மூன்று முறை படித்துப் பார்த்தான். டெக்சஸில் துப்பாக்கிக்கு எதிராக ஆறு வருடம் பதாகை பிடித்தவன் அவன். கேட்டது தடை, கிடைத்தது இருவிசைச் சட்டம். யாருடைய துப்பாக்கியையும் பிடுங்க மாட்டார்கள். ஆனால் யாரும் தனியாகச் சுட முடியாது. விசையை இழுத்ததும், உரிமையாளர் தேர்ந்தெடுத்த இணையாளர் எங்கே இருந்தாலும் அவர் விரலில் இசைவு மோதிரம் துடிக்கும். ஒருமுறை தட்டினால்தான் குண்டு பாயும். இருமுறை தட்டினால் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். கோபத்தில் நீளும் கைக்கு நிதானமான இன்னொரு தலை வேண்டும் என்பதுதான் யோசனை. "திருடன் வந்து நிற்கும்போது அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதா?" என்று நகரக் கூட்டத்தில் கத்தியவர் இதே வால்டர்தான்.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. யாருக்கு யார் இணையாளர் என்பதே உறவை அளக்கும் கோலாகிவிட்டது. துப்பாக்கியே வேண்டாம் என்று ஊர்வலம் போன பரணி, ஒரு துப்பாக்கியில் தன் பெயர் இல்லையே என்று இப்போது பொருமிக்கொண்டிருந்தான்.

மருந்துக்கடை வேலை முடிந்து மங்கை உள்ளே வந்தாள்.

"என்னைவிட அந்த வால்டர் உனக்கு நெருக்கமா?"

"முதல்ல செருப்பைக் கழட்ட விடுங்க."

"உன் உயிரையே அவன் கையில குடுத்திருக்க."

"என் உயிர் இல்லங்க. நான் எடுக்கக்கூடிய உயிர்."

"அதுக்கு நான் லாயக்கில்லையா?"

"உங்க பேரைத்தான் முதல்ல போட்டேன். நீங்க ஃபெயில்."

உரிமம் தருவதற்கு முன் இணையாளருக்கு ஒரு பொய் வேண்டுகோள் போகும், முன்னறிவிப்பு இல்லாமல். விசாரிக்காமல் இசைபவரைத் தள்ளிவிடுவார்கள். போன மாதம் அலுவலகக் கூட்டத்தில் பரணியின் மோதிரம் துடித்தது. வங்கி, கார், வீட்டுக் கதவு எல்லாவற்றுக்கும் அதே மோதிரம்தான். மங்கையின் பெயரைப் பார்த்தான்; தட்டினான். அரை வினாடிகூட ஆகவில்லை.

"யாரைச் சுடப்போறேன்னுகூட நீங்க கேக்கல."

"நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கேன்?"

"அதேதான். அப்புறம் வால்டர் பேரைப் போட்டேன். அதே சோதனைக்கு அவர் ரெண்டு தட்டு தட்டிட்டு, வெறுங்காலோட ஓடி வந்து கதவை இடிச்சாரு. நான் தோசை ஊத்திட்டு இருக்கேன். 'மங்கை, அதைக் கீழ வை, பேசலாம்'ங்கறாரு!"

"பேர் சொல்லியா கூப்பிட்டான்?"

மங்கை அவனையே பார்த்தாள். "பக்கத்துக் கடையில யாரோ சுட்டப்ப பயந்துபோய் விண்ணப்பிச்சேன். இப்ப அந்தப் பயமும் இல்ல. உங்களுக்கு இவ்வளவு வயித்தெரிச்சல்னா நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன். வால்டர் பேரும் போயிடும். சரியா?"

ஆறு வருடம் வெயிலில் நின்று அவன் கேட்டது இதைத்தான்: ஒரு வீட்டிலாவது ஒரு துப்பாக்கி குறையட்டும். ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டால், தேறியவன் வால்டர், தோற்றவன் பரணி என்பது அப்படியே நின்றுவிடும். மறுதேர்வு அடுத்த வருடம் உண்டு. துப்பாக்கி இருந்தால்தான் தேர்வு.

"வேண்டாம்," என்றான் பரணி. "வீட்டிலேயே இருக்கட்டும்."

பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவன் அவளுக்குச் சொன்ன முதல் மறுப்பு அது.