தம்பியின் அளவு

ஓயாமல் பேசுவதால் வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் சிறுமியின் அப்பா தையல்காரர். யார் வந்தாலும் டேப்பால் அளந்த பிறகுதான் கத்தரியைத் தொடுவார். தன் தம்பிக்கு மட்டும் அளக்கவே மாட்டார்.

"அவனுக்கு எதுக்கு அளவு? என் அளவுதான் அவன் அளவு" என்று தன் இடுப்பிலேயே டேப்பைச் சுற்றிக்கொள்வார். சித்தப்பாவுக்குப் பேன்ட் கச்சிதமாகப் பொருந்தும். இருவருக்கும் கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை!

அந்தச் சித்தப்பா போன வாரம் போய்விட்டார். மாரடைப்பு. பாதி தைத்த அவருடைய பேன்ட் மெஷின் மேலேயே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வாயாடிக்கு அழுகை வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது அவள் காதிலேயே நின்றது. "ஆள் ஒல்லிதான். ஆனா கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள சேர்ந்திருக்கு. சர்க்கரை இருந்ததே அவருக்குத் தெரியல. கொழுப்பு எங்க சேரும்ங்கறது பரம்பரையாவும் வரும். கூடப் பிறந்தவங்க உடனே பரிசோதனை பண்ணிக்கணும்."

அப்பா போகவே இல்லை.

"வாங்கப்பா, போயிட்டு வந்துடலாம்."

"அதெல்லாம் குண்டா இருக்கறவங்களுக்கு. நான் குச்சி."

"சித்தப்பாவும் குச்சிதானே?"

"அவனே போயிட்டான். இனி எனக்கு என்ன ஆனா என்ன? போடி அந்தப் பக்கம்!"

வாயாடி போகவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு அந்தப் பேன்ட்டை எடுத்து வந்தாள்.

"இதை யார் அளவுக்கு வெட்டினீங்க?"

"என் அளவுக்குத்தான்."

"அப்ப சித்தப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் வராதா?"

அப்பா பேன்ட்டையே பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அன்று பட்டப்பகலிலேயே கடையைச் சாத்திவிட்டு மகளோடு கிளம்பினார்.

அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது.

"நல்லவேளை, இப்பவே வந்தீங்க. மாத்திரை, நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு. மூணையும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

வாயாடிக்குச் சந்தோஷமே வரவில்லை. இதைச் சித்தப்பாவிடம் முன்பே யாரும் சொல்லவில்லையே!

கடைக்குத் திரும்பினார்கள். பேன்ட் அங்கேயே கிடந்தது.

"இதை என்னம்மா பண்றது? போட்டுக்க ஆள் இல்லையே." அப்பா அதைக் கையில் எடுத்தார்.

"தைச்சு முடிங்கப்பா. நீங்க போட்டுக்கோங்க."

"நானா?"

"ஆமா. வயிறு குறைஞ்சு, இடுப்பு தொளதொளன்னு ஆகற வரைக்கும்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.