அலுமாரிக்குள் அடித்த போன்

ட்ரிங்... ட்ரிங்...

போன் அலறியது.

சுதர்ஷினி டீச்சரின் புத்தம் புது அலுமாரிக்குள்ளிருந்து!

இன்ஸ்பெக்டர் மேர்வின் தன் காதிலிருந்த போனை இறக்கினார். அவர் அழைத்தது, காலையிலிருந்து காணாமல்போன தச்சு பாஸ் அந்தோனிமுத்துவின் நம்பர்!

"டீச்சர்... பாஸோட போன் ஒங்க அலுமாரிக்குள்ள என்னா செய்யுது?"

"தெரியாதுங்க சேர்! அவரு செஞ்ச அலுமாரிதான். கதவு இறுகுதுன்னு சொன்னேன். சரி பண்ண வந்தாரு. நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஆளக் காணோம்!"

பக்கத்து வீட்டு அழகம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். அவளுக்குத் தெரியாமல் டிக்கோயாவில் ஒரு கோழி முட்டையிட முடியாது.

"நேத்து டீச்சர் கத்துனாங்க சேர்! 'கதவ சரி பண்ணலேன்னா ஒங்கள உள்ள வச்சே மூடிருவேன்'னு!"

"அது கோவத்துல சொன்னதுங்க!"

"கதவத் தொறங்க," என்றார் மேர்வின்.

"வராதுங்க சேர்! அஞ்சு நாளா மழ, பனி... பலக உப்பிப்போச்சு!"

மேர்வின் சிரித்தார். அந்தச் சிரிப்பு சுதர்ஷினிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"யாருகிட்ட கத விடுறீங்க? அந்தோனிமுத்து போடுறது மெரின் பிளைவுட்! தண்ணியில ஊறப்போட்டாலும் உப்பாது. பத்து வருஷ கேரண்டி!"

அப்போதுதான்...

கதவடியில் சிவப்பாக ஏதோ கசிந்தது!

"ஐயோ... ரத்தம்!"

அழகம்மாவின் அலறலில் மேர்வினின் கைவிலங்கு வெளியே வந்தது.

"உப்பாத பலக எப்பிடி இறுகும்? பொணத்த உள்ள வச்சு ஆணி அடிச்சிருக்கீங்க!"

ஒரு பலகை உப்பியதா இல்லையா என்பதில் தன் வாழ்க்கையே தொங்குவதை நினைத்து சுதர்ஷினிக்கு அழுகை முட்டியது.

கூட வந்த கான்ஸ்டபிள் லோஜன் இரும்பு அலவாங்கைக் கதவிடுக்கில் செருகி நெம்பினான்.

டமார்!

உள்ளே... குந்தியபடி அந்தோனிமுத்து!

உயிரோடு!

கையில் பிரஷ். காலடியில் கவிழ்ந்த சிவப்பு பெயின்ட் டின்.

"விளிம்புல ஈரம் ஏறாம பெயின்ட் அடிக்க உள்ள பூந்தேன் சேர்... காத்துல கதவு மூடி இறுகிக்கிச்சு..."

"எனக்கு வெலங்கு மாட்டப் போறாங்க... கேட்டுக்கிட்டா இருந்தீங்க?" சுதர்ஷினி வெடித்தாள். "ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

அந்தோனிமுத்து தலையைச் சொறிந்தார்.

"சத்தம் போட்டா பலக உப்பிருச்சுன்னு ஆயிருமே டீச்சர்... கேரண்டி என்னாவுறது?"

மேர்வின் விலங்கை அந்தோனிமுத்துவின் பக்கம் திருப்பினார். சட்டென்று மேர்வினின் முகம் வெளிறியது.

"யோவ்... எங்க வீட்ல சாப்பாட்டுச் சாமான் வைக்கச் செஞ்ச ஆளுயர பேன்ட்ரி கபர்ட்டு?"

"அதே பலகதாங்க சேர்..."

"என் பொண்டாட்டி ஷிராணி மத்தியானத்துலேர்ந்து போன் எடுக்கலையே!"

"பயப்படாதீங்க சேர்," என்றார் அந்தோனிமுத்து. "பேன்ட்ரிதானே... உள்ள பட்டினி கெடக்க மாட்டாங்க!"