ஒரு மணி முந்திய மருந்து

"நான் தொடவே இல்லைங்க! மருந்து தானா போயிருக்கு!" போனில் பதறினாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

நர்ஸ் பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து, வலி மருந்தை மூன்று மணி நேரத்துக்கொரு தரம் தானே தள்ளும் கருவி அது. அவள் முறையில் மட்டும் இரண்டு தடவை ஒரு மணி முந்தித் தள்ளிவிட்டது. இரண்டாம் நோயாளிக்கு மூச்சு நின்று திரும்பியது. சாயங்காலம் அவள்மேல் போலீசில் புகார் என்றுவிட்டார் ஆஸ்பத்திரி நிர்வாகி.

அவள் அழைத்த கருவிப் பழுது பார்ப்பவரை ஊரே 'நிதானம்' என்னும். கூடத் திரியும் மைத்துனனை 'அவசரம்'.

"கடிகாரம் கெட்டிருக்கும், அத்தான்! மாத்திட்டா முடிஞ்சுது."

"கெட்டிருந்தா எல்லார் முறையிலும் கெடணுமே, மாப்ளே."

நிர்வாகியின் அறையில் உட்கார்ந்து, கருவியின் மென்பொருளைப் பொறுமையாகப் படித்தார் நிதானம்.

"பத்துக்கு அழுத்தினேன்கிறாங்க. கருவி ஒன்பதுன்னு காட்டுது. மெஷின் பொய் சொல்லுமா?" என்றார் நிர்வாகி.

"எப்படிம்மா அழுத்துவீங்க?" எதிரே நின்ற நர்ஸைக் கேட்டார் நிதானம்.

"மணி முடியற கடைசி நிமிஷத்துல, திரையில வினாடி அம்பத்தொன்பது வந்ததும். மத்தவங்க மாதிரி முன்னே பின்னே பண்ண மாட்டேன்."

"அக்கா, நீங்க ரயில் ஓட்டப் போயிருக்கணும்!" அவசரம் சிரித்தான். நிதானம் சட்டென்று திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"இது கடிகாரத்தை ஒரே மூச்சுல படிக்கல. முதல்ல மணி, அப்புறம் நிமிஷம். 'ஒன்பது'ன்னு எடுத்துக்குது. நிமிஷத்தைப் பார்க்கிறதுக்குள்ள பத்து பொறந்துடுது, நிமிஷம் பூஜ்யம். ரெண்டையும் ஒட்டினா ஒன்பது மணி! அங்கேருந்து மூணு மணி எண்ணுது. அந்தக் கண்ணிமைப்புல விரல் பட்டா மட்டும்தான் இப்படி ஆகும். சரியா அந்த நேரத்துல அழுத்துறது இவங்க ஒருத்தர்தான்."

திடீரென்று எழுந்தார். "இன்னைக்கு?"

நர்ஸ் வார்டுப் பக்கம் திரும்பினாள். "பன்னெண்டுக்கு. சின்னப் பொண்ணு. நிர்வாகி ஐயா பக்கத்துல நின்னு பார்த்தாங்க."

"கருவிக்கு அது பதினொன்னு. மூணுக்குப் போக வேண்டியது ரெண்டுக்கே போகும்!"

சுவர்க் கடிகாரம் இரண்டு அடிக்க அரை நிமிடம்கூட இல்லை.

நடைபாதையில் செருப்புகள் தடதடத்தன. குழந்தை உதடு பிரிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நிதானம் மருந்துக் குழாயை மடித்து, இரு விரலால் இறுக்கினார்.

"யாரும் கருவியைத் தொடாதீங்க."

நர்ஸ் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். கருவி உறுமியது. தள்ளுதண்டு நகர்ந்தது. மடித்த இடத்தில் குழாய் புடைத்தது. அபாய மணி அலறியது.

நிர்வாகி கருவியைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஓடிவந்து குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்து, அது ஏறி இறங்குவதை உணர்ந்த பிறகுதான் அழத் தொடங்கினாள்.